கடந்த இரண்டு வாரங்களில்

ஒவ்வொரு கேள்வியும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.
எதிரே ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள்.
ஒன்று என்றால் எப்போதும்,
ஏழு என்றால் ஒருபோதும் இல்லை.
செவிலி சோல்ரூன் பேனா தருகிறாள்.
வலக்கையில் மருந்து சொட்டுகிறது,
இடக்கையால்தான் வட்டமிட வேண்டும்.
கோணலாக வருகிறது, குழந்தை போட்ட முட்டைபோல.
ஜன்னலுக்கு வெளியே தோர்ஷவ்ன் துறைமுகத்தில்
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருக்கிறது.

*எத்தனை முறை அவசரமாகக் கழிவறைக்கு ஓட நேர்ந்தது?*

நான் தபால்காரி.
ஐந்து ஊர், நூற்றுப் பதினான்கு வீடு.
மற்றவர்களுக்கு ஊர் என்றால் கூரைநிறம், தேவாலயம்,
எனக்குக் கழிவறை.
பழைய பள்ளிக்கூடத்தில் தாழ்ப்பாள் விழாது,
உள்ளே இருக்கும்வரை பாடிக்கொண்டிருக்க வேண்டும்.
மர்யுன் வீட்டில் துண்டு எப்போதும் வெதுவெதுப்பாக,
வெந்நீர்க் குழாயின் மேல்.
பாதிரியார் வீட்டுக் காகிதம் முரடு.
மன்னித்துவிட்டேன், அவர் தொழிலும் அதுதானே.

கடலுக்கடியில் சுரங்கம் பதினோரு கிலோமீட்டர்.
அங்கே வீடே கிடையாது.
நடுவில் ஒரு வளைவுச் சந்திப்பு, நீல வெளிச்சம்,
வெளியூர்க்காரர்கள் இரண்டு முறை சுற்றிப் படம் பிடிப்பார்கள்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவேன்.
மார்ச் மாதம் ஒருநாள் எண்ணிக்கை தோற்றது.
வேனை ஓரமாக நிறுத்தி,
பின்பக்கம், நூலகத்துக்குப் போகும் பெட்டிகளின் நடுவே
மாற்றுடை உடுத்திக்கொண்டேன்.
தலைக்குமேல் மொத்தக் கடலும் இருந்தது.
அதற்கு ஒன்றும் தெரியாது.
வீட்டுக்குத் திரும்பவில்லை. மீதித் தபாலையும் கொடுத்து முடித்தேன்.

இரண்டு என்று வட்டமிடுகிறேன்.

*எத்தனை முறை விருந்துகளைத் தவிர்க்க நேர்ந்தது?*

அண்ணன் ரோய் வீட்டில்
குளிர்காலம் முழுக்கக் காற்றில் தொங்கிப் புளித்த ஆட்டிறைச்சி.
வாசனையே ஒரு வேளைச் சாப்பாடு.
நான் போனேன். தட்டில் உருளைக்கிழங்கும்
உப்பில்லாமல் வெந்த ஒரு துண்டு மீனும்.
"அத்தை, உன் வயிறு கெட்டதா?" என்றான் அவன் மகன்.
கெட்டதில்லைடா,
வீட்டுக்காரியையே திருடி என்று நினைத்துக் கடிக்கிற நாய்.
அவன் மென்றுகொண்டே யோசித்தான்:
"அதுக்குப் பேர் வெச்சியா?"
வைக்கவில்லை.
வைத்தால் வளர்க்க வேண்டியிருக்கும்.

*வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருந்தது?*
இங்கே ஏழுதான் நல்லது என்கிறது குறிப்பு.
பேனா நிற்கிறது.

எல்துவீக்கில் கடைசி வீடு ஹனுஸுடையது.
பதினாறு வருடம் அந்தக் கதவைத் தட்டாமல் திறந்திருக்கிறேன்.
ஏன் இத்தனை நேரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை,
வானொலியின் சத்தத்தை மட்டும் கூட்டிவைப்பார்.
நவம்பரில் இறந்தார்.
வீட்டை யாரோ இளம் தம்பதி வாங்கினார்கள். புதுப் பூட்டு.
வயிற்றை இறுக்கிக்கொண்டு
கடிதங்களைச் செருகிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன வியாழன் கதவில் ஒரு சீட்டு.
*தபால்காரிக்கு. சாவி, நீல வாளிக்கடியில்.
இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கவும்,
பத்திரத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தோம்.*

எல்லைக் கல், கரையில் படகு நிறுத்தும் இடம்,
மலையில் எத்தனை ஆடு மேயலாம் என்ற உரிமை,
இவற்றுக்கெல்லாம் கீழே
தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்:
தபால் கொண்டுவருபவள் உள்ளே வருவாள்.
வானொலி ஓடட்டும்.

அன்று எனக்கு அவசரம் எதுவும் இல்லை.
இருந்தும் போனேன்.
மூடி போட்ட பீங்கானின் மேல் உட்கார்ந்து
வானிலை அறிக்கை முழுவதையும் கேட்டேன்,
தென்மேற்குக் காற்று, அலை நான்கு மீட்டர்.

நான்கா, ஐந்தா?
கடந்த இரண்டு வாரம் மட்டும்தான் என்கிறார்கள்,
பதினாறு வருடத்தை எதில் வட்டமிட?

"முடிஞ்சுதா?" என்கிறாள் சோல்ரூன்.
இன்னும் ஒன்று பாக்கி.
ஆனால் முதலில்
இந்த மருந்துக் கம்பத்தையும் கூட்டிக்கொண்டு
ஓரிடம் போக வேண்டும்.
அவள் கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள்,
சக்கரம் கிறீச்சிடுகிறது,
நாங்கள் மூவரும் வேகமாக நடக்கிறோம்.